மூன்றாவது விரிசல்

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் இரும்பு.
ரவுமாவில் பனிக்காலம் முழுக்கச் சாலைக்கு உப்பிடுகிறார்கள்;
மே பிறந்ததும் வண்டிகள் எங்கள் பட்டறைக்கு வந்து
அடிவயிற்றைத் திறந்து காட்டி
நன்றி சொல்கின்றன.

ஹில்க்காவின் வேன் மட்டும்
மூன்றாம் முறையாக லிஃப்டில் ஏறியது.
வீடு வீடாகச் செய்தித்தாள் போடுகிறவள்.
இரவு மூன்று மணிக்கு
கழுத்தறுந்த சைலன்சர் உறும உறும
தெருத் தெருவாகப் போகிறவள்.
கண்ணாடியில் யாரோ செருகிவிட்டுப் போன சீட்டை
ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினாள்:
'செய்தி எங்களுக்குக் காலையில் தெரிந்தால் போதும்.'

தாஹ்வோ விளக்கைப் பிடித்தான்.
என் பற்றவைப்பு அப்படியே இருந்தது.
சரித்து அடுக்கிய காசுகள் போல் வரிவரியாக,
பொன்னும் ஊதாவும் ஓடிய நிறத்தோடு
படம் எடுத்துச் சுவரில் மாட்டலாம்.
அதற்கு ஒரு மயிரிழை தள்ளி
குழாய் பிளந்திருந்தது.

'போன தடவையும் அங்கேதான்' என்றான்.
'தெரியும்' என்றேன்.

முதல் தடவை உப்பின் மேல் பழி போட்டேன்.
இரண்டாம் தடவை ஹில்க்கா ஏறி இறங்கும்
வேகத்தடைகளின் மேல்.
இந்தத் தடவை அகப்பட
வேறு யாரும் இல்லை.

ஃபிரிட்ஜ் கதவிலிருந்து
கடமான் பொம்மைக் காந்தத்தைப் பிடுங்கி வந்தேன்.
குழாயில் வைத்ததும்
கொம்போடு கவ்விக்கொண்டது.
என் வரிகளின் மேல் வைத்தால்
ஏனோதானோ என்று ஒட்டி,
வழுக்கி,
தாஹ்வோவின் பூட்ஸ் மேல் விழுந்தது.

குழாய் நானூற்று ஒன்பது.
நான் ஊற்றிய கம்பி முந்நூற்று ஒன்பது.
கடைசி எண் ஒன்றாய் இருந்தால்
குடும்பம் ஒன்றாகிவிடுமா?
எந்த இரும்போடும் ஒட்டும், எளிதில் துருவேறாது,
ஊருக்கெல்லாம் நல்ல பிள்ளை அந்தக் கம்பி.
அலமாரியில் கைக்கெட்டும் தட்டில் எப்போதும் இருக்கும்.
அதனால்தான் எடுத்தேன்,
வேறு காரணம் எதுவும் தேடிப் பார்க்கவில்லை.

எஞ்சின் சூடேறும்போது
குழாய் இரண்டடி நகர்ந்தால்
அது மூன்றடி நகரும்.
வண்டி நின்று ஆறும்போது
அதே கணக்கில் பின்வாங்கும்.
ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கிளம்பும் வேலை ஹில்க்காவுக்கு.
ஒரே இரவில் எத்தனை இழுபறி!
பலமானது தாங்கிக்கொண்டது,
பக்கத்தில் இருந்தது கிழிந்தது.

'கம்பியைத் தப்பாக எடுத்துவிட்டேன்.
முதல் தடவையே.'
ஹில்க்கா கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள்.
'அப்போ அந்த இரண்டு பில்?'
கல்லாவைத் திறந்து எண்ணிக் கொடுத்தேன்.
தாஹ்வோ அப்போதைக்கு
ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தைப் பார்த்தான்.

நானூற்று முப்பது, கொஞ்சம் நயோபியம் சேர்த்தது,
தம்பெரேயிலிருந்து வர நான்கு நாள்.
அந்த நான்கு இரவும் என் காரை ஓட்டினாள்;
பின்சீட்டு இன்னும் அச்சு மை வாசம்.

கம்பி வந்தது.
பழைய அழகை அரைத்துத் தள்ளினேன்,
கொஞ்சம் வலித்தது.
குழாயின் வாய்களை டேப்பால் அடைத்து
உள்ளே ஆர்கான் நிரப்பினேன்.
சூட்டை அடக்கி, விரலளவு ஓட்டி,
நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி விரலளவு.
அவசரப்பட்டால் உள்மணிகள் பெருத்துப்போய்
பொரிகடலை மாதிரி நொறுங்கும் ரகம் இது.
முடிந்தபோது மங்கிய சாம்பல் நிறம்.
யாரும் படம் எடுக்க மாட்டார்கள்.

கடமான் கவ்வியது,
குழாயிலும், வரியிலும்,
இரண்டும் சேரும் ஓரத்திலும்.

அன்றிரவு மூன்றேகாலுக்கு
என் கதவுத் துளை வழியே நாளிதழ் விழுந்த சத்தம்.
அதற்கு முன்னும் பின்னும் ஒன்றுமில்லை.
விழித்துத்தான் கிடந்தேன்.

சரியான கம்பிதானா என்று
தாஹ்வோ கேட்கிறான்.
ஒரு பனிக்காலம் போகட்டும்,
ஆயிரம் வாசலில் சுட்டு ஆயிரம் வாசலில் ஆறட்டும்.
கடமானைத் திரும்ப ஃபிரிட்ஜில் மாட்டவில்லை,
சட்டைப்பையில் இருக்கிறது.